புதுக்கடை சொன்னது கோட்டேக்குக் கேட்கவில்லையா?

2023 நவம்பர் 14ஆம் திகதி புதுக்கடையில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இந்த நாட்டு நாடாளுமன்றம் இன்னும் ஒழுங்காக வாசிக்கவில்லை என்றே எண்ண வேண்டியிருக்கிறது. வாசித்திருந்தால், பொதுநிதி பற்றிய அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை 1978இல் எழுதப்பட்டபடியே இன்றும் கிடக்காது. நாட்டை வங்குரோத்தாக்கிய வழிகளுள் சில இன்னும் திறந்தே இருக்கின்றன. அதை நாம் கண்டிக்கிறோம்.

அப்போதைய பிரதம நீதியரசர் ஜயந்த ஜயசூரிய தலைமையிலான ஐவர் குழாம், நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதிகள் கோட்டாபய ராஜபக்ச, மகிந்த ராஜபக்ச, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ச, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவாட் கப்ரால், டபிள்யூ.டி. லக்ஷ்மன், ஜனாதிபதியின் செயலாளராக இருந்த பி.பி. ஜயசுந்தர, திறைசேரிச் செயலாளராக இருந்த எஸ்.ஆர். ஆட்டிகல ஆகியோரும் நாணயச் சபையும் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள், 12(1)ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமையை மீறினார்கள் என்று நீதிமன்றம் பெயர் சொல்லியே அறிவித்தது. 2019 வரிக் குறைப்பு, ரூபாவைப் பிடிவாதமாக ஒரே விலையில் கட்டி வைத்தது, சர்வதேச நாணய நிதியத்திடம் போகாமல் இழுத்தடித்தது, கையில் டொலர் இல்லாத நேரத்தில் 2022 ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனைக் கட்டியது, இவை எல்லாம் கணக்கில் எடுக்கப்பட்டன.

வழக்கைக் கொண்டுபோனவர்கள் யார்? ட்ரான்ஸ்பரன்ஸி இன்டர்நெஷனல் ஸ்ரீலங்கா நிறுவனம், நீச்சல் வீரர் ஜூலியன் போலிங், சில பல்கலைக்கழக ஆசிரியர்கள், வர்த்தகத் துறையில் இருந்த சிலர். பொதுநிதியைக் காக்கும் கடமை சட்டப்படி எவருக்கு இருந்ததோ அவர்கள் அல்ல. தண்டனை? மனுதாரர்களுக்கு 150,000 ரூபா வழக்குச் செலவு. இழப்பீட்டை மனுதாரர்களும் கேட்கவில்லை, நீதிமன்றமும் கொடுக்கவில்லை. பத்திரிகைகள் முதற்பக்கத்தில் போட்டன, தொலைக்காட்சிகளில் ஒரு வாரம் வாதாடினார்கள், பிறகு எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பில் இல்லாத ஒரு பெயரைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். பொதுநிதி மீதான முழுக் கட்டுப்பாடும் நாடாளுமன்றத்துக்கே உரியது என்று 148ஆம் உறுப்புரை சொல்கிறது. முழுக் கட்டுப்பாடு! அந்தக் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருந்த 225 பேர் குற்றவாளிகளின் வரிசையில் இல்லை. கணக்கெழுதியவர்கள் குற்றவாளிகள், திறப்பை வைத்திருந்தவர்கள் பார்வையாளர்கள் என்றால் அது என்ன கணக்கு?

2019 டிசெம்பரில் நடந்ததை நாள் நாளாகப் பார்த்தால்தான் இது விளங்கும். நவம்பர் 27ஆம் திகதி புதிய அமைச்சரவை வரிக் குறைப்பைத் தீர்மானித்தது. பெறுமதி சேர் வரி (வற்) 15 வீதத்திலிருந்து 8 வீதமாக விழுந்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி ஒழிந்தது. சம்பளத்தில் உழைக்கும்போதே கழிக்கும் வரி நிறுத்தப்பட்டது. வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 300 மில்லியனுக்குப் போனது. இவற்றுள் முதல் இரண்டும் டிசெம்பர் 1ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தன. மறுநாள் நள்ளிரவோடு நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது. மீண்டும் கூடியது ஜனவரி 3ஆம் திகதி. மார்ச் 2ஆம் திகதி அந்த நாடாளுமன்றமே கலைக்கப்பட்டது. அதன்பின் திரட்டு நிதியத்திலிருந்து பணம் எடுத்தது 150(3)ஆம் உறுப்புரையைப் பிடித்துக்கொண்ட ஜனாதிபதி. 2020ஆம் ஆண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது அந்த ஆண்டு நவம்பரில், செலவழிக்க வேண்டியதையெல்லாம் செலவழித்த பிறகு. வருமான வரி மாற்றங்களுக்கான திருத்தச் சட்டம் வந்ததோ 2021 மே மாதத்தில். அதுவரை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் அறிவித்தல்களே சட்டமாக ஓடின.

இடையில் இருந்த அந்த நாடாளுமன்றத்தில் புதிய ஜனாதிபதிக்குப் பெரும்பான்மை கூட இருக்கவில்லை. ஐக்கிய தேசிய முன்னணியின் கையிலேயே அதிக ஆசனங்கள் இருந்தன. வருமானத்தில் இவ்வளவு பெரிய ஓட்டை விழுகிறதே, எங்கள் அனுமதி எங்கே என்று கேட்டு ஒரு பிரேரணையை வாக்கெடுப்பு வரை கொண்டுபோக அவர்களுக்கு மனம் வரவில்லை. வரிக் குறைப்பை எதிர்த்தால் தேர்தலில் அடி விழும் என்ற பயம். விளைவு எல்லோருக்கும் தெரியும். 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 வீதத்துக்கு மேல் இருந்த அரச வருமானம் இரண்டே வருடத்தில் 8 வீதத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று திறைசேரி அறிவித்தது.

இவ்வளவும் நடந்தபோது நாட்டில் பொதுநிதிக்குச் சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் இருந்தது. ரணில் விக்கிரமசிங்க பிரதமராக இருந்தபோது கொண்டுவந்தது. வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறை 2006க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 5 வீதத்துக்கு இறங்க வேண்டும், அதற்கு மேல் ஏறக்கூடாது. அரச கடன் 2006 முடிவில் 85 வீதத்தையும் 2013 முடிவில் 60 வீதத்தையும் தாண்டக்கூடாது. திறைசேரி பிறருக்குக் கொடுக்கும் உத்தரவாதங்கள் 4.5 வீதத்துக்குள் நிற்க வேண்டும். எழுதியது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2006 தொடக்கம் 2024 வரை ஒரு வருடம் கூட பற்றாக்குறை அந்த 5 வீதத்துக்குள் வரவில்லை. மகிந்த ஆட்சியில் வரவில்லை, நல்லாட்சி என்று சொல்லிக்கொண்ட ஆட்சியிலும் வரவில்லை, கோட்டாபய ஆட்சியில் 10 வீதத்தையும் தாண்டிவிட்டது. எந்த அமைச்சருக்கும் ஒரு ரூபா தண்டம் விழவில்லை. தண்டம் போட அந்தச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை.

எல்லைக்குள் நிற்பதற்குச் சிரமமாக இருந்தபோதெல்லாம் எல்லையையே தள்ளி வைத்தார்கள். 60 வீதக் கடன் இலக்கு 2013இலிருந்து 2020க்குத் தள்ளப்பட்டது. உத்தரவாத எல்லை 2013இல் 7 வீதம், 2016இல் 10 வீதம், 2021இல் 15 வீதம். இந்த மூன்று திருத்தங்களையும் கொண்டுவந்தவை ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டிருந்த அரசாங்கங்கள். இந்த ஒரு விடயத்தில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. உத்தரவாதம் என்பது சும்மா ஒரு காகிதம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் மின்சார சபையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் சிறிலங்கன் விமான சேவையும் வாங்கிய கடன்கள் வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே நின்றன. கட்ட முடியாமல் போனபோது அவற்றுள் பெரும் பங்கு பொதுமக்கள் தலையில் வந்து இறங்கியது.

கணக்கும் ஒரே கணக்காக இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் பற்றாக்குறை முதலில் 6.8 வீதம் என்றார்கள். ஆட்சி மாறியதும் முந்தைய அரசு கட்டாமல் விட்ட பட்டியல்களைச் சேர்த்து 9.6 வீதம் என்றார்கள். கட்டாத பட்டியலை மறைத்தவர்கள் பிழையா, முழுவதையும் பழைய ஆண்டின் தலையில் ஏற்றியவர்கள் பிழையா? ஒரே ஆண்டுக்கு இரண்டு கணக்கு வந்தபோது எது சரி என்று தீர்த்துச் சொல்ல நடுவே ஒருவரும் இல்லை. வரவு செலவுத் திட்டத்தை ஆராய்வதற்கென்று நாடாளுமன்றத்துக்குத் தனி அலுவலகம் அமைக்கும் சட்டம் வந்ததே 2023இல். அந்த அலுவலகம் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்று நிதியமைச்சுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

இனி சீனிக் கதை. 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி ஒரு வர்த்தமானி வந்தது. கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட பண்ட வரி 25 சதமாகியது. நாடாளுமன்றம் கூடி இருந்து முடிவெடுக்கவில்லை. ஒரே ஒரு கையொப்பம். புறக்கோட்டை மொத்தக் கடைகளிலும் வெள்ளவத்தைச் சில்லறைக் கடைகளிலும் சீனி விலை அதற்கேற்ப இறங்கவில்லை. அரசுக்கு ஏறக்குறைய 15.9 பில்லியன் ரூபா போய்விட்டது என்ற கணக்கு பிறகு நாடாளுமன்றக் குழுவில் வெளிவந்தது. வரி விதிப்பதற்குச் சட்டம் வேண்டும் என்று 148ஆம் உறுப்புரை சொல்கிறது. வரியைக் கைவிடுவதற்கு ஒரு வர்த்தமானி போதும் என்ற நிலையை மட்டும் அது தடுக்கவில்லை. பல பில்லியன் ரூபா அந்த இடைவெளி வழியே ஓடியது. மூலோபாய அபிவிருத்தித் திட்டங்கள் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட வரிவிலக்குகளைத் தெளிவான நடைமுறை வரும்வரை நிறுத்தி வையுங்கள் என்று 2023 செப்டெம்பரில் வந்த சர்வதேச நாணய நிதியத்தின் ஆட்சிமுறை அறிக்கையும் எழுதியது. நமக்கு இதைச் சொல்ல வொஷிங்டனிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதே பெரிய வெட்கம்.

கட்டியது யார்? 8 வீதமாக இறக்கிய அதே வற் வரி 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 என்று ஏறியது. 2019இல் வரிக் குறைப்பால் இலாபம் பெற்றவர்கள் பெரிய நிறுவனங்களும் உயர் வருமானக்காரரும். 2024இல் 18 வீதம் கட்டுபவர் சவர்க்காரம் வாங்குகிறவர். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. கொட்டாஞ்சேனையில் மண்ணெண்ணெய்க்கும் காஸ் சிலிண்டருக்கும் நின்ற வரிசைகளை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகளில் கை வைக்கவில்லை. தனியார் துறை ஊழியரின் சேமலாப நிதியில் வைத்தார்கள். முறிகளை மாற்றிக்கொள், இல்லாவிட்டால் 14 வீத வரிக்குப் பதில் 30 வீதம் கட்டு என்றார்கள். ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் இருபது வருடம் இருந்த பெண்ணும் கடையில் பில் போட்ட பையனும் ஓய்வுகாலத்துக்குச் சேர்த்த பணம் அது. அவர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

பாடம் படித்துவிட்டோம், புதிய சட்டங்கள் கொண்டுவந்துவிட்டோம் என்று ஆட்சியாளர் சொல்வார்கள். கொண்டுவந்தது உண்மைதான். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசுக்குப் பணம் அச்சடித்துக் கொடுக்கும் பழைய வழியை அடைத்தது. இந்த வரிசையில் உருப்படியானது அதுதான் என்பது நம் எண்ணம். 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் 2003 சட்டத்தை நீக்கிவிட்டு, வட்டி தவிர்ந்த அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது, உத்தரவாதங்கள் 7.5 வீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. அதை அடுத்த 45ஆம் இலக்கப் பொருளாதார நிலைமாற்றச் சட்டம் 2032க்குள் கடன் 95 வீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்றது.

எண்கள் மாறியிருக்கின்றன. சட்டத்தின் இயல்பு மாறவில்லை. இவையும் சாதாரணச் சட்டங்களே. சபையில் அன்றைக்கு இருப்பவர்களில் ஒரு தலை கூடினால் திருத்தலாம். 4.5 எப்படி 15 ஆனதோ அப்படியே 7.5ம் 15 ஆகலாம், 13ம் 18 ஆகலாம். எல்லையை மீறிய நிதியமைச்சருக்கு என்ன நேரும் என்று தேடிப் பார்த்தால், காரணம் சொல்லி நாடாளுமன்றத்துக்கு அறிக்கை வைக்க வேண்டும் என்பதற்கு அப்பால் கடிக்கிற பல் எதுவும் தென்படவில்லை. இதற்கு முன்னரும் காரணம் சொல்லத் தெரியாத நிதியமைச்சர் எவரும் இந்த நாட்டில் இருந்ததில்லை. போர், சுனாமி, உலகப் பொருளாதார நெருக்கடி, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், கொரோனா. எல்லாம் உண்மையான காரணங்களே. எல்லாக் காரணங்களும் உண்மையாக இருந்தும் பத்தொன்பது வருடமும் சட்டம் மீறப்பட்டது என்றால், காரணம் கேட்கும் சட்டம் போதாது.

ஆகவே அரசியலமைப்பிலேயே எழுதிவிடுங்கள், வரவுக்கு மேல் ஒரு சதமும் செலவழிக்கக்கூடாது என்று தடை போடுங்கள் என்று பலர் கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. கேட்பது பிழை. அமெரிக்காவில் இந்தக் கோரிக்கை பல தடவை எழுந்து, 1997இல் செனற் சபையில் 66 பேர் ஆதரித்தும் ஒரு வாக்கால் தோற்றது, தோற்றதும் நல்லதுக்கே. நம் வரலாறே இதற்குப் போதிய எச்சரிக்கை. 1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன பற்றாக்குறையை மூடுவதற்கு 25 சதமாக இருந்த கொத்து அரிசியை 70 சதமாக்கினார். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்தது, சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள், ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டுப் போனார். அதற்கடுத்த 1954, 1955 ஆகிய இரண்டு வருடங்களில்தான் சுதந்திர இலங்கையின் வரவு செலவுத் திட்டம் மிகை காட்டியது. உலகச் சந்தையில் தேயிலை விலை ஏறியதே அதற்குப் பெரும் காரணம். அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் யார்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர். இந்த நாட்டின் கணக்கு நேராக நின்ற இரண்டே வருடங்களும், வாக்குரிமை இல்லாதவர்களின் முதுகில் நின்றன. சமநிலை என்ற சொல்லைக் கேட்டவுடன் கைதட்டுகிறவர்கள், அது எவர் வயிற்றில் அடித்து வந்த சமநிலை என்று முதலில் கேட்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையகத்தில் மண்சரிவில் லயங்களும் வீதிகளும் போயின. டிசெம்பரில் 500 பில்லியன் ரூபாவுக்குக் குறைநிரப்பு மதிப்பீட்டை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பூச்சியப் பற்றாக்குறை என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருந்தால், அன்று எந்தத் தலைப்பிலிருந்து அந்தப் பணத்தை வெட்டியிருப்பார்கள்? 2025 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டிருந்தது. போர் முடிந்து பதினாறு வருடத்துக்குப் பிறகும். அதில் கை வைக்கும் துணிவு எந்த அரசுக்கும் வந்ததில்லை. வெட்டு விழுந்திருக்கப் போவது ஆஸ்பத்திரி மருந்திலும் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டிலும்தான்.

அதனால் முரட்டுத் தடையை நாம் கேட்கவில்லை. உடைக்கக் கடினமான, உடைத்தால் வலிக்கிற விதியைக் கேட்கிறோம். அப்படி ஒன்று முடியும் என்பதற்கு ஆதாரம் புதுக்கடைத் தீர்ப்புக்கு மறுநாளே கிடைத்தது. 2023 நவம்பர் 15ஆம் திகதி ஜேர்மனியில் கார்ல்ஸ்ரூஹ நகரின் அரசியலமைப்பு நீதிமன்றம், கொரோனாவுக்கென்று அனுமதி பெற்ற 60 பில்லியன் யூரோ கடன் வசதியைக் காலநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்று அடித்துச் சொன்னது. கூட்டாட்சியின் கட்டமைப்புப் பற்றாக்குறை உற்பத்தியின் 0.35 வீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று 2009இல் அவர்கள் அரசியலமைப்பில் எழுதியிருந்தார்கள். தீர்ப்பு வந்த அன்றே அரசு திட்டங்களை நிறுத்தியது. அந்தக் கணக்கு கிளப்பிய சண்டையில் ஒரு வருடத்துக்குள் கூட்டணி ஆட்சியே கவிழ்ந்தது. பிறகு 2025 மார்ச்சில் பாதுகாப்புச் செலவுக்காக விதியைத் தளர்த்தினார்கள். தளர்த்தியது சரியா பிழையா என்பது அவர்கள் பாடு. ஆனால் தளர்த்த மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டியிருந்தது, நாடே பார்க்க விவாதிக்க வேண்டியிருந்தது. நள்ளிரவு வர்த்தமானியால் அது நடக்கவில்லை.

நம்மவர் பல்லாயிரம் பேர் வாழும் சுவிற்சர்லாந்து 2001இல் சர்வசன வாக்கெடுப்பில் 85 வீதத்துக்குக் கிட்டிய ஆதரவோடு கடன் கட்டுப்பாட்டை அரசியலமைப்பில் சேர்த்து 2003இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நல்ல வருடத்தில் சேர்த்து வை, கெட்ட வருடத்தில் எடுத்துச் செலவழி என்பதே அதன் சாரம். இலங்கையின் சட்டமும் இந்தியாவின் நிதிப்பொறுப்புச் சட்டமும் அதே 2003இல் வந்தவை. இந்தியா சாதாரணச் சட்டமாக வைத்து, 3 சதவீத இலக்கின் காலக்கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டது. நம் கதை மேலே இருக்கிறது. ஒரே வருடத்தில் பிறந்த மூன்று விதிகளில் நின்றது அரசியலமைப்பில் வேர் விட்டது மட்டுமே.

148ஆம் உறுப்புரை அடங்கிய, அரசியலமைப்பின் 17ஆம் அத்தியாயத்தில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதில் நமக்குக் குழப்பமில்லை. வரியைக் குறைப்பதும் விலக்களிப்பதும், வரி விதிப்பதைப் போலவே, நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தால் மட்டுமே நடக்க வேண்டும். அதனால் எவ்வளவு வருமானம் போகும் என்ற கணக்கு சபையில் வைக்கப்படும் வரை எந்த வர்த்தமானிக்கும் வலு இருக்கக்கூடாது. நாடாளுமன்றம் கலைந்திருக்கும் காலத்தில், முடித்துவைக்கப்பட்டிருக்கும் காலத்தில், எந்த வரியிலும் கை வைக்கவே முடியக்கூடாது. இவை எல்லாம் எழுதப்பட்டிருந்தால் 2019 டிசெம்பர் நடந்திருக்காது. இதை மற்ற எதையும்விட முதலாவதாக வைக்கிறோம்.

மீண்டெழும் செலவு வருமானத்துக்குள் அடங்க வேண்டும், கடன் வாங்குவது கட்டுமானத்துக்கும் முதலீட்டுக்குமே என்ற விதியைப் பல வருடச் சராசரியாக எழுத வேண்டும். நாளைக்கே இது முடியாது என்பது நமக்குத் தெரியும். 2023இல் அரச வருமானத்தில் ஏறக்குறைய 80 வீதம் வட்டிக்கே போனது. அந்தப் பாரம் இறங்கும் வரை படிப்படியான அட்டவணை வேண்டும், அந்த அட்டவணையும் அரசியலமைப்பிலேயே இருக்க வேண்டும். திறைசேரி கையெழுத்திட்ட ஒவ்வொரு உத்தரவாதமும் கடனாகவே எண்ணப்பட வேண்டும். புயல், பெருந்தொற்று போன்ற அனர்த்தம் வந்தால் மூன்றில் இரண்டு வாக்கோடு எல்லையைத் தாண்டலாம். எத்தனை வருடத்தில் திரும்ப எல்லைக்குள் வருவோம் என்பதை அதே நாளில் சொல்லியாக வேண்டும். சுகாதாரம், கல்வி, சமூக நலன் ஆகியவற்றுக்கான குறைந்தபட்சப் பங்கைத் தொடக்கூடாது என்ற காப்பும் அதே உறுப்புரையில் வேண்டும். இல்லாவிட்டால் 1953 திரும்பி வரும்.

கணக்கைப் பார்ப்பது நிதியமைச்சாக இருக்கக்கூடாது. நாடாளுமன்ற வரவு செலவுத் திட்ட அலுவலகத்துக்கு, கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்கு இருப்பது போல அரசியலமைப்புப் பாதுகாப்பு வேண்டும். அது தரும் எண்ணே எண். இரண்டு வருடம் தொடர்ந்து எல்லை மீறப்பட்டால் நிதியமைச்சர் அந்தப் பதவியை இழக்க வேண்டும், விளக்கத்துக்கு இடமில்லை. இங்கே இன்னொரு சிக்கலையும் மூடி மறைக்க முடியாது. மகிந்த ராஜபக்ச ஜனாதிபதியாகவும் நிதியமைச்சராகவும் இருந்தார், ரணில் விக்கிரமசிங்க இருந்தார், இன்று அனுர குமார திசாநாயக்க இருக்கிறார். சபைக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டிய அமைச்சரே சபையால் இலகுவில் அசைக்க முடியாத ஜனாதிபதியாக இருந்தால் பொதுநிதி மீதான முழுக் கட்டுப்பாடு என்ற வாசகத்துக்கு என்ன பொருள்? நிதியமைச்சை ஜனாதிபதி வைத்திருக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

செய்ய முடியாதது என்று யாரும் சொல்ல வேண்டாம். அரசியலமைப்பைத் திருத்த 225இல் 150 வாக்கு வேண்டும். தேசிய மக்கள் சக்தியிடம் 159 இருக்கிறது. சர்வசன வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கும் 83ஆம் உறுப்புரையின் பட்டியலில் 17ஆம் அத்தியாயம் இல்லை. புதிய அரசியலமைப்பு தருவோம் என்று வாக்குறுதி கொடுத்துத்தான் இவர்கள் வந்தார்கள். அது வரும்போது வரட்டும், அதுவரை திறைசேரியின் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டுமா? ஊழலை ஒழிப்போம் என்று நாளுக்கு நாள் மேடையில் பேசும் ஆளும் தரப்பு, அடுத்த ஆட்சியின் கையையும் தன் கையையும் ஒரே கயிற்றால் கட்டத் தயங்குகிறது. தங்கள் கை சுத்தம் என்று நம்புகிறவர்களுக்கு இந்தத் தயக்கம் ஏன்? எதிர்க்கட்சிகளோ இன்னும் மோசம். 2016இல் உத்தரவாத எல்லையை ஏற்றக் கை உயர்த்தியவர்களும் 2021இல் கை உயர்த்தியவர்களும் இன்று பொருளாதார நிபுணர்களாகப் பேசுகிறார்கள். தமிழ்க் கட்சிகளும் விதிவிலக்கல்ல. வரவு செலவுத் திட்டத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று பேரம் பேசிய அளவுக்கு, அதன் கணக்கை அவர்கள் கேள்வி கேட்டதில்லை.

ஜனாதிபதி நிதியமைச்சர் என்ற முறையில் அடுத்த வரவு செலவுத் திட்ட உரையை வாசிக்க எழுவதற்கு முன், 17ஆம் அத்தியாயத்துக்கான திருத்தச் சட்டமூலம் வர்த்தமானியில் வெளிவர வேண்டும். எவருக்காவது அதில் ஆட்சேபம் இருந்தால் புதுக்கடைக்குப் போகட்டும், அங்கே வாதாடட்டும். சட்டமூலமே வராவிட்டால், 225 பேரின் பெயரும் இந்தக் குற்றத்தில் உண்டு என்று நாம் எழுதுவோம்.